முதல் குளிர்காலத்தில் செம்பருத்தி: ஹைவெல்டில் தூரைக் காப்பாற்றுவது எப்படி

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். நீங்கள் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவர். வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் பக்கத்துப் பெனோனிக்கு, அதாவது ஹைவெல்ட் என்கிற தென்னாப்பிரிக்க மேட்டுநிலத்துக்கு வந்து வீடு வாங்கியிருக்கிறீர்கள். போன நவம்பரில் நர்சரியில் ‘குளிர் தாங்கும் செம்பருத்தி’ என்று சொல்லி விற்ற மூன்று சின்னச் செடிகளை வாங்கினீர்கள். இரண்டைத் தரையில் நட்டீர்கள், ஒன்று தொட்டியில் இருக்கிறது. அம்மா கொடுத்தனுப்பிய சாதாரணச் சிவப்புச் செம்பருத்திக் கன்று ஒன்றும் கூட இருக்கிறது. சித்திரை பிறந்தாயிற்று, இரவில் குளிர் தெரிய ஆரம்பித்துவிட்டது. செடியை முழுசாகப் பிளாஸ்டிக்கால் சுற்றுவதா, பிடுங்கி வீட்டுக்குள் வைப்பதா, குளிர் தாங்கும் என்கிறார்களே, பேசாமல் விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

பேசாமல் விடவும் வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம். நீங்கள் காப்பாற்ற வேண்டியது தூரை மட்டும்தான், அதாவது தண்டும் வேரும் சேருகிற அந்த நாலு விரல் அளவு இடத்தை. மேலே இருக்கும் கிளையும் இலையும் உறைபனிக்குப் போனால் போகட்டும். தூர் உயிரோடு இருந்தால் ஐப்பசியில் செடி புதிதாக எழுந்து வரும். தூர் செத்துவிட்டால் மேலே எத்தனை போர்வை போட்டும் பயனில்லை. அதோடு, இந்தப் பக்கத்தில் தூரைக் கொல்வது பெரும்பாலும் வெறும் குளிர் இல்லை. மழையே இல்லாத குளிர்காலத்தில் வேர் காய்ந்துபோவதும், ஆகஸ்டில் வெயிலை நம்பிச் செடி சீக்கிரம் விழித்துக்கொள்வதும்தான் முதல் வருடச் செடிகளை அதிகம் கொண்டுபோகின்றன.

அதற்கு முன்னால், உங்களிடம் இருப்பது என்ன செடி என்று தெரிய வேண்டும். ‘குளிர் தாங்கும் செம்பருத்தி’ என்ற பெயரில் இங்கே நாலு விதம் கிடைக்கிறது, நாலும் குளிரில் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இலை உள்ளங்கையைவிடப் பெரிதாக, அடிப்பக்கம் வெளிறி, தடவினால் மெத்தென்று இருக்கிறதா? தரையிலிருந்தே பல தண்டுகள் கிளம்பி, அவை மரமாக முற்றாமல் பச்சையாகவோ சிவப்பேறியோ இருக்கின்றனவா? அப்படியானால் அது ஹைபிஸ்கஸ் மாஷூட்டோஸ், சதுப்பு நிலச் செம்பருத்தி. டிஸ்கோ பெல், லூனா என்ற பெயர்களில் விற்பதெல்லாம் இந்த வகைதான். பூ ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர் அகலம் வரும், சிலது அதற்கும் மேலே. இது குளிர்காலத்தில் தரைமட்டம் வரை செத்து, தூரிலிருந்து திரும்ப முளைக்கும். செத்துப்போவது அதன் இயல்பு, நோய் இல்லை.

இலை ஐந்து விரல் விரித்த மாதிரி மெலிதாகப் பிளந்து, பூ சுத்தச் சிவப்பாக இருந்தால் அது காக்சினியஸ். அதுவும் தரைமட்டத்துக்குப் போய்த் திரும்பி வரும். ஆனால் மாஷூட்டோஸ் அளவுக்குக் குளிர் தாங்காது.

இலை சின்னதாக, மூன்று மடலாக, ஓரத்தில் பெரிய பற்களோடு, தண்டு சாம்பல் நிறத்தில் மரமாக இருந்தால் அது சிரியாக்கஸ். ரோஸ் ஆஃப் ஷாரன் என்று நர்சரியில் சொல்வார்கள். தென்கொரியாவின் தேசிய மலர் இதுதான். சியோலில் ஜனவரி இரவு சாதாரணமாகவே பூஜ்யத்துக்குக் கீழே போகும், அங்கே தெருவோரம் நிற்கிற செடி இது. இது தரைமட்டத்துக்குச் சாகாது. இலையை மட்டும் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். இளம் வயதில் கிளை நுனிகள் கருகலாம், அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

நாலாவது மியூட்டபிலிஸ். இலை பருத்தி இலை மாதிரி பெரிதாகச் சொரசொரப்பாக இருக்கும். பூ காலையில் வெள்ளையாக விரிந்து, மதியம் ரோஜா நிறமாகி, சாயங்காலம் அடர் சிவப்புக்கு வரும். இலையுதிர் காலத்தில்தான் பூக்கும். நாலிலும் கடுங்குளிருக்குக் கொஞ்சம் பயப்படுவது இதுதான். உறைபனியில் மேல் பாகம் போய்விடும், அடியில் மண்ணை மூடிப் போடும் மூடாக்கு நன்றாக இருந்தால் தூர் பிழைக்கும்.

அம்மா கொடுத்தது ரோசா சைனென்சிஸ். நம் வீடுகளில் பூஜைக்குப் பறிக்கிற செம்பருத்தி அதுதான். இந்த நாலோடும் அதைச் சேர்க்கவே கூடாது. அதற்குத் தனியாகக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது உங்கள் மனதில் ஒரு நியாயமான கேள்வி வரும். மாஷூட்டோஸின் சொந்த ஊர் வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள், வடக்கே கனடாவின் ஒன்டாரியோ வரை. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியிலும் பிழைக்கிற செடி, பெனோனியில் மைனஸ் 3, மைனஸ் 4 வருவதற்கு ஏன் சாக வேண்டும்?

ஏனென்றால் அங்கே அதன் குளிர்காலம் ஈரமானது, ஒரே சீரானது. மண்ணில் தண்ணீர் நிறைய இருக்கும், மேலே பனி விழுந்து மூடிவிடும், செடி மாதக்கணக்கில் அசையாமல் தூங்கும். ஹைவெல்டில் எல்லாம் தலைகீழ். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம், பெனோனியும் கிட்டத்தட்ட அப்படித்தான். மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. மே முதல் ஆகஸ்ட் வரை பெரும்பாலும் ஒரு சொட்டு கிடையாது. காற்றில் ஈரமே இருக்காது, கையும் உதடும் வெடிப்பதில் நமக்கே தெரியும். ஜூலையில் பகலில் 16, 17 டிகிரி வெயில் அடிக்கும். அதே நாள் விடியற்காலையில் புல் வெள்ளையாக உறைந்திருக்கும். தூங்கு, விழி, தூங்கு, விழி என்று செடியைப் போட்டு அலைக்கழிக்கிற குளிர் இது. முழுசாக வேரூன்றிய செடி இதைச் சமாளித்துவிடும். போன நவம்பரில் நட்ட செடியின் வேர் இன்னும் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கும். காய்வதும் உறைவதும் அந்த மேல்மண்தான். அதனால்தான் முதல் குளிர்காலம் மட்டும் இவ்வளவு கவனம் கேட்கிறது.

உங்கள் வளவுக்குள்ளேயே குளிர் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் பாருங்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, பள்ளத்தைத் தேடி இறங்குகிறது. ஓடைக்கரையிலும் சதுப்புத் தாழ்விலும் இருக்கும் வீடுகளில் உறைபனி அடர்த்தியாக விழுவதும், மேட்டில் இருக்கும் வீடுகள் தப்பிப்பதும் இதனால்தான். உங்கள் நிலம் சரிந்து, தாழ்ந்த பக்கத்தில் கான்கிரீட் பலகைச் சுவர் இருந்தால், இறங்கி வரும் குளிர்காற்று அந்தச் சுவரடியில் தேங்கி நிற்கும். செடி அங்கே இருந்தால் மூடாக்கை இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். ஜூன் மாதம் ஒரு நாள் விடியற்காலை ஆறரைக்கு வெளியே போய்ப் புல்தரையைப் பாருங்கள். எங்கே வெள்ளை அடர்த்தியாக இருக்கிறது, எங்கே புல் பச்சையாகவே இருக்கிறது என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

வெள்ளை தெரியாத நாளிலும் ஆபத்து உண்டு. காற்று ரொம்பவும் வறண்டிருந்தால் பனி படியாது, ஆனால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். மறுநாள் பத்து மணிக்கு இலையெல்லாம் வெந்த கீரை நிறத்தில் கறுத்துத் தொங்கும். இங்கே கறுப்புப் பனி என்று சொல்வது இதைத்தான். கண்ணுக்குத் தெரிகிற பனியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள், வானிலைச் செய்தியில் இரவு வெப்பநிலையைப் பாருங்கள்.

சரி, இப்போதே செய்ய வேண்டியது என்ன?

உரத்தை நிறுத்துங்கள். மார்ச்சுக்குப் பிறகு தழைச்சத்து உரமோ கோழி எருவோ போடவே கூடாது. போட்டால் செடி இளந்தளிராக விடும், அந்தத் தளிரில் தண்ணீர்தான் நிறைய இருக்கும், முதல் உறைபனியிலேயே போய்விடும். போவது தளிர் மட்டுமென்றால் பரவாயில்லை. தளிர் விட்டுக்கொண்டிருக்கிற செடி தூங்கத் தயாராவதே இல்லை. பகல் குறுகி இரவு குளிர வரும்போது செடி தன் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கீழே வேருக்கும் தூருக்கும் அனுப்பிச் சேர்த்துவைக்கிறது. அந்தச் சேமிப்பில்தான் அடுத்த வசந்தத்தில் முளைக்கப்போகிறது. வெளுத்துவரும் இலையைப் பார்த்து, சத்துக் குறைவு என்று நினைத்து மே மாதம் உரம் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மஞ்சள் இலை சரியாகத்தான் நடந்துகொள்கிறது, விட்டுவிடுங்கள்.

இப்போதே கவாத்து செய்யவும் வேண்டாம். வெட்டினாலும் அது தளிர்க்கத்தான் பார்க்கும். மாஷூட்டோஸும் காக்சினியஸும் முதல் நல்ல உறைபனியில் கறுக்கட்டும். பெரும்பாலும் மே கடைசி, சில வருடம் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். கறுத்து இலை காய்ந்த பிறகு தண்டைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். அந்தக் குச்சிகளை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். அவை இரண்டு வேலை செய்கின்றன. மூடாக்கு இலையைக் காற்றில் பறக்காமல் பிடித்துவைக்கும், செப்டம்பரில் செடி எங்கே இருக்கிறது என்றும் காட்டும். அடையாளம் தெரியாமல் வசந்தத்தில் மண்வெட்டி போட்டுத் தூரையே வெட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. சிரியாக்கஸை இப்போது தொடவே வேண்டாம், அதன் கவாத்து ஆகஸ்ட் கடைசியில்.

மூடாக்குக்கு வருவோம். வேலையில் பாதி இதுதான்.

மூடாக்கு சூடு உண்டாக்குவதில்லை. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் போர்வை மாதிரி உள்ளே நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே காய்ந்து குளிர்ந்துபோன மண்ணின்மேல் போட்டால் வறட்சியையும் குளிரையும்தான் பூட்டிவைப்பீர்கள். முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, மறுநாள் மதியம் மண் வெயிலில் சூடேறிய பிறகு மூடுங்கள். ரொம்ப முன்கூட்டியே, மண் இன்னும் கதகதப்பாக இருக்கும் ஏப்ரலிலேயே குவித்துவிட்டாலும் தப்பு. செடிக்குத் தூங்கும் நேரம் தெரியாது, உள்ளே பூஞ்சையும் பிடிக்கும்.

என்ன போடுவது? மே, ஜூனில் தெருவோர ஓக், பிளேன் மரங்கள் உதிர்க்கிற காய்ந்த இலைதான் முதல் தேர்வு. மொறமொறவென்று சுருண்டு கிடக்கும், இடையிடையே காற்று தங்கும், அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. பைன் ஊசி இலையும் அருமை, மழை பெய்தாலும் சப்பையாகாது. ஜக்கரண்டா இலையை நம்பாதீர்கள். அது குளிர்காலம் முடியும் தறுவாயில்தான் உதிரும், உதிர்ந்ததும் பொடிந்துவிடும். புல்வெளி வெட்டிய பச்சைப் புல் கூடவே கூடாது. இரண்டு நாளில் சூடேறி, வழுவழுவென்று பாய் மாதிரி ஒட்டி, தூரை அழுக வைக்கும். பச்சைச் சாணமும் அப்படியே. மக்கிய எருவை முதலில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பலாம், அதற்கு மேலே இலை.

காய்ந்த புல் கட்டு, அதாவது மாட்டுத் தீவனமாக விற்கும் ஈராக்ராஸ்டிஸ் புல், எங்கும் கிடைக்கிறது, நல்ல மூடாக்கும்கூட. ஆனால் ஹைவெல்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இங்கே புல் அறுத்துச் சேமிக்கும் கறையான் உண்டு. மற்றக் கறையான் மாதிரி இருட்டில் ஒளியாது. குளிர்காலத்தில் பட்டப்பகலிலேயே வெளியே வந்து காய்ந்த புல்லை நறுக்கும். நீங்கள் ஆசையாகப் போட்ட புல் ஒரு வாரத்தில் விரல் நீளத் துண்டுகளாகி, தரையில் ஒரு சின்னத் துளைக்குப் பக்கத்தில் குவிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பிறகு அந்தக் குவியலும் உள்ளே போய்விடும். ஜூலை நடுவில் செடி திறந்து கிடக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் தெருவில் அந்தக் கறையான் இருந்தால் புல்லை விட்டுவிட்டு இலைக்கும் மரப்பட்டைச் சீவலுக்கும் போங்கள்.

கனம் 10 முதல் 15 சென்டிமீட்டர். அகலம் இரண்டு முழமாவது இருக்கட்டும், வேர் பக்கவாட்டில்தான் ஓடியிருக்கும். கோழிக்கூண்டுக் கம்பி வலையை வளையமாக வளைத்துச் செடியைச் சுற்றி நிறுத்தி, உள்ளே இலையை உதிரியாகக் கொட்டுங்கள். ஆகஸ்ட் காற்று பிய்த்துக்கொண்டு போகும்போது அந்த வளையத்தின் அருமை தெரியும். அமுக்கி நிரப்பாதீர்கள். சிரியாக்கஸ் மாதிரி மரத்தண்டு உள்ளதற்கு மட்டும் தண்டைச் சுற்றி மூன்று விரல் இடம் விடுங்கள். ஈர இலை பட்டையை ஒட்டியே இருந்தால் பட்டை அழுகும்.

மூடாக்கில் இன்னொரு சூட்சுமம். தரைச் சூடு உள்ளேயே நின்றுவிடுவதால், அதற்கு மேலே இருக்கும் காற்று முன்பைவிட அதிகம் குளிரும். தரைக்குள் தூங்கும் செடிக்கு அதனால் நஷ்டமில்லை. இலையோடு நிற்கிற மென்மையான செடியின் அடியில் கனமாக மூடாக்கு போட்டால், தூர் பிழைக்கும், இலை சீக்கிரம் கருகும். அப்படிப்பட்ட செடிக்கு மேலே துணியும் வேண்டும்.

அடுத்தது தண்ணீர். குளிர்காலத்தில் செடி தூங்குகிறது, தண்ணீர் எதற்கு என்று குழாயை மூடிவிடுகிறார்கள். முதல் வருடச் செடி சாவதற்கு இங்கே இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. மாஷூட்டோஸ் சதுப்பில் பிறந்தது. இலை இல்லாவிட்டாலும் தூரும் வேரும் உயிரோடுதான் இருக்கின்றன. நாலு மாதம் மழை இல்லாத மண்ணில் அவை மெதுவாகச் சுண்டும். ஈர மண் பகலில் வெயிலின் சூட்டை நிறைய வாங்கி இரவில் மெல்ல விடும். காய்ந்த மண்ணுக்கு அந்தச் சக்தி கிடையாது. ஆக, தண்ணீர் விடுவதே ஒரு குளிர்ப் பாதுகாப்பு.

பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு செடிக்கு 4, 5 லிட்டர் போதும். மூடாக்கை ஓரமாக ஒதுக்கி விரலை விட்டுப் பாருங்கள். இரண்டாவது கணு வரை விரல் போயும் மண் பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் வேண்டும், ஈரம் ஒட்டினால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். காலை பத்து மணிக்கு மேல், மதியத்துக்குள் விடுங்கள். சாயங்காலம் விட்டால் மேல்மண் ஈரம் இரவில் உறைந்து, ஊசி ஊசியாகப் பனிக்கட்டி எழுந்து, சின்னச் செடியை மண்ணைவிட்டு மேலே தள்ளும். களிமண் நிலத்தில் இது அதிகம் நடக்கும். அப்படிச் செடி எழும்பி வேர் தெரிந்தால் காலால் மிதிக்காமல், கையால் மெதுவாக அமுக்கி, மேலே ஒரு பிடி மண் போட்டு மூடுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாட்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரே இந்த அளவுக்குப் போதும், உப்புப் போட்டது மட்டும் வேண்டாம்.

ஒரு வேளை இதைக் கேப் டவுன் பக்கத்திலிருந்து யாராவது படித்தால், உங்கள் கணக்கு வேறு. உங்களுக்கு மழையே குளிர்காலத்தில்தான். அங்கே தண்ணீர் விட வேண்டியதில்லை. மூடாக்கு நனைந்து அழுகாமல் பார்ப்பதும், செடியைக் கொஞ்சம் மேடான பாத்தியில் வைப்பதும்தான் முக்கியம். நியூகாசில், டண்டி, லேடிஸ்மித் பக்கத்தில் இருப்பவர்கள் டர்பன் இருக்கும் அதே நேட்டாலில்தானே இருக்கிறோம் என்று டர்பன் கணக்குப் போட வேண்டாம். உங்கள் குளிர் எங்களுடையதுதான், இங்கே சொன்னது அப்படியே பொருந்தும்.

பிளாஸ்டிக் ஏன் வேண்டாம் என்று சொன்னேன்? பகலில் ஹைவெல்ட் வெயிலில் அதன் உள்ளே சூடு ஏறி, தூங்க வேண்டிய செடி விழித்துக்கொள்ளும். உள்பக்கம் வியர்த்து, அந்த ஈரம் இரவில் செடிமேலேயே உறையும். பிளாஸ்டிக்கைத் தொடுகிற இலையெல்லாம் கருகும். இலையோடு நிற்கிற மியூட்டபிலிஸுக்கோ நுனிகளைக் காப்பாற்ற ஆசைப்படும் சிரியாக்கஸுக்கோ துணி போடுங்கள். நர்சரியில் உறைபனித் துணி என்று வெள்ளையாக, மெலிதாக ரோலில் விற்பார்கள். பழைய பருத்திப் படுக்கைவிரிப்பும் கோணிச்சாக்கும்கூட வேலை செய்யும். மூன்று குச்சி நட்டு, துணி செடியைத் தொடாதபடி கூடாரமாக்கி, விளிம்பு தரையில் படும்படி கல் வையுங்கள். சூடு மேலேறி வருவது தரையிலிருந்து. மேலே தொப்பி மாதிரி கட்டி அடியைத் திறந்து விட்டால் ஒன்றும் தங்காது. காலை ஒன்பது மணிக்கு எடுத்துவிடுங்கள், சாயங்காலம் நாலரைக்கு, தரையில் இன்னும் வெயில் சூடு இருக்கும்போதே போடுங்கள். மாஷூட்டோஸுக்கு இந்தச் சிரமம் எதுவும் தேவையில்லை.

தொட்டிச் செடிதான் உங்கள் மூன்றில் அதிக ஆபத்தில் இருக்கிறது. தரையில் இருக்கும் வேருக்குக் கீழிருந்து சூடு கிடைக்கும். தொட்டியில் எல்லாப் பக்கமும் குளிர் தாக்கும். அதோடு மரத்தண்டுச் செடிகளில் பொதுவாக வேர், தண்டைவிடக் குளிர் குறைவாகத்தான் தாங்கும். தொட்டியோடு தரையில் குழி தோண்டி விளிம்புவரை புதைத்து, மேலே மூடாக்கு போடுவது சுலபமான வழி. இல்லாவிட்டால் இலை உதிர்ந்த பிறகு கார் நிறுத்தும் கராஜில் வையுங்கள். தூங்கும் செடிக்கு வெளிச்சம் வேண்டியதில்லை. இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் கிளாஸ் தண்ணீர், மண் முழுசாகக் காயாமல் இருக்கும் அளவுக்கு. ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவராதீர்கள். அங்கே அது தூங்காது, ஜூலையில் வெளிறிய நீளத் தளிராக விட்டு, சேமித்த பலத்தையெல்லாம் செலவழித்துவிடும். வெளியேதான் வைக்க வேண்டுமென்றால் வடக்குப் பார்த்த சுவரடி. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுதியவை, தெற்குச் சுவர் என்று சொல்லும். நமக்குச் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. தெற்குச் சுவரடியில் குளிர்காலம் முழுக்க நிழல்தான்.

விதையிலிருந்து நீங்களே வளர்த்து, ஜனவரிக்குப் பிறகு முளைத்த நாற்று ஏதாவது இருந்தால், தண்டு பென்சில் கனம் வராதவரை தரையில் நட வேண்டாம். முதல் குளிர்காலத்தை அது கராஜிலேயே கழிக்கட்டும்.

இப்போது ஆகஸ்ட். ஊரில் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பார்கள். இங்கே ஆடி மாதம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில், கோயில் வாசலில் ஸ்வெட்டர் போட்டுத்தான் வரிசையில் நிற்கிறோம். ஆடி பாதியிலும் ஆவணியிலும் பகல் திடீரென்று 22, 23 டிகிரிக்குப் போகும். பீச் மரங்கள் பூக்கும். காற்று புழுதியைக் கிளப்பும். வசந்தம் வந்துவிட்டது என்று கை துறுதுறுக்கும், மூடாக்கை எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் 2012-இல் பனி பொழிந்தது ஆகஸ்ட் 7-ஆம் தேதி. 2024-இல் செப்டம்பர் 20, 21-இல் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி, டர்பன் போகும் என்3 சாலையே அடைபட்டது நினைவிருக்கும். அந்த வாரம் தளிர் விட்டிருந்த செடிகள் பட்ட பாடு பெரிது. மூடாக்கு இருந்தால் மண் சீக்கிரம் சூடேறாது, செடியும் சீக்கிரம் விழிக்காது. இந்தத் தாமதம் நமக்கு வேண்டும். ஆகஸ்டில் நீங்கள் கூட்ட வேண்டியது தண்ணீரை மட்டும்தான். காற்று மண்ணை உறிஞ்சுகிற மாதம் அது, வாரம் ஒருமுறை விடுங்கள்.

புரட்டாசி விரதம் தொடங்கும் சமயத்தில், அதாவது செப்டம்பர் நடுவுக்கு மேல், மூடாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கலாம். முதல் வாரம் பாதி, இரண்டு வாரம் கழித்து மீதி. ஒதுக்கிய இலையைத் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே வையுங்கள். வானிலைச் செய்தி பயமுறுத்தினால் அன்று சாயங்காலம் திரும்ப இழுத்துவிடலாம்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் வெளியே ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. ரோஜா தளிர்த்திருக்கும், பக்கத்து வீட்டில் எல்லாம் பச்சையாகியிருக்கும், உங்கள் மாஷூட்டோஸ் இருந்த இடத்தில் நாலு காய்ந்த குச்சி நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிற சமயம் இதுதான், உயிருள்ள செடிகள் இங்கே குப்பைக்குப் போவது பெரும்பாலும் அக்டோபரில். இந்தச் செடி மண் நன்றாகச் சூடேறினால்தான் முளைக்கும். அக்டோபர் பாதியில் வரலாம், நவம்பரில் வரலாம். சிரியாக்கஸும் தோட்டத்தில் கடைசியாகத் தளிர்ப்பவற்றில் ஒன்று. சந்தேகமாக இருந்தால் சிரியாக்கஸின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே வந்து சுரண்டுங்கள், பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். மாஷூட்டோஸுக்குத் தூருக்குப் பக்கத்தில் மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். தூர் கெட்டியாக, அமுக்கினால் அமுங்காமல், கீறினால் வெள்ளையாக இருந்தால் நல்லது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பழைய குச்சியின் அடியில் மிளகு அளவுக்குச் சிவந்த முனை ஒன்று தெரியலாம். அதுதான் இந்த வருடத்துத் தண்டு. தூர் கொழகொழவென்று நாற்றமடித்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம். நவம்பர் முடியும்வரை மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

முளை ஒரு சாண் உயர்ந்த பிறகு மக்கிய எருவும் உரமும் தாராளமாகக் கொடுங்கள், தண்ணீர் நிறைய. முளைத்த பிறகு அதன் வேகம் உங்களை ஆச்சரியப்படுத்தும், தைப்பூசக் காவடி வருவதற்குள் இடுப்பளவு வந்து பூத்திருக்கும். பூ ஒரு நாள்தான் நிற்கும். காலையில் பறித்தால் அன்று பூஜைக்கு உண்டு, மறுநாள் அடுத்தது விரியும். இரண்டாம் வருடக் குளிருக்குப் பாதி மூடாக்கு போதும். மூன்றாவதிலிருந்து உங்களை அது கேட்காது, தண்ணீரை மட்டும் மறக்காதீர்கள்.

கடைசியாக அம்மாவின் செம்பருத்தி. டர்பன் கடற்கரையில் உறைபனியே கிடையாது, ஜூலை இரவில்கூடப் பெரும்பாலும் 10 டிகிரிக்கு மேலேதான். அந்தச் சூட்டில் பழகிய செடி இது, 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திவிடும், உறைபனி பட்டால் கன்று வேரோடு போய்விடும். மூடாக்கை நம்பி அதைத் தரையில் விடாதீர்கள். தரையில் இருந்தால் இந்த வாரமே பெரிய மண் உருண்டையோடு எடுத்துத் தொட்டிக்கு மாற்றி, வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் வீட்டுக்குள் வையுங்கள். இது கராஜுக்குச் சரிப்படாது, இதற்கு வெளிச்சம் வேண்டும். ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். கொஞ்சம் இலை உதிர்க்கும், பயப்பட வேண்டாம். உள்ளே கொண்டுவருவதற்கு முன்னால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சியோ வெள்ளை ஈயோ இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். அக்டோபர் வந்து இரவு 10 டிகிரிக்குக் கீழே போகாது என்று தெரிந்த பிறகு வெளியே வைக்கலாம், முதல் வாரம் நிழலில்.

உங்கள் மூன்றும் எந்த வகை என்று இன்னும் குழப்பமாக இருந்தால், இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு தரையைத் தொடும் இடம் இந்த மூன்றையும் படம் எடுத்துப் போடுங்கள். இலை உதிர்வதற்கு முன்னால் எடுங்கள், ஜூனில் எல்லாமே குச்சிதான்.